உடலைத் திறந்தவர்கள் – 23: மெழுகுத் திரியும் கன்னத்தின் உள்தோலும்

சென்ற இதழில், சிறுநீர்ப்பைக் கல்லை உடைத்தெடுக்கக் கருவி செய்தவர்களின் கதையைப் பார்த்தோம். அந்தக் கருவிகள் பல நேரம் கல்லைத் தொடுவதற்கு முன்பே பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றன. கல் கிடக்கும் இடத்துக்குப் போகிற வழியே சுருங்கிக் கிடந்தது. இந்தச் சுருக்கத்தோடு மருத்துவர்கள் மல்லுக்கட்டிய கதை கல்லின் கதையைவிடச் சிக்கலானது. கல்லை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சுருக்கமோ விரித்தால் விரியும், விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். அது ஏன் மூடிக்கொள்கிறது என்ற கேள்வியைச் சரியான இடத்தில் நின்று கேட்கவே மருத்துவத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஆணுக்குச் சிறுநீர்ப்பையின் வாயிலிருந்து குறியின் நுனிவரை ஏறக்குறைய 18 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு மென்மையான ஒரு குழாய் ஓடுகிறது. மருத்துவர்கள் அதை யுரேத்ரா என்பார்கள். புராஸ்டேட் சுரப்பியின் நடுவே இறங்கி, சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசையைக் கடந்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வளைந்து, பிறகு குறிக்குள் நுழைகிறது. பெண்களுக்கு இது ஏறக்குறைய 4 செ.மீ.தான், வளைவும் இல்லை. அதனால் இந்த நோய் அவர்களுக்கு அரிதாகவே வருகிறது.

ஆண்களின் குழாயில், அந்த வளைவிலிருந்து நுனிவரை, இரத்தம் நிறைந்த பஞ்சுத் திசு ஓர் உறையாகச் சுற்றியிருக்கிறது. இந்தக் கதை முழுவதும் அந்த உறையைப் பற்றியதுதான். அடிபட்டோ, கிருமி தாக்கியோ, கருவி உரசியோ உள்தோல் புண்ணாகி, சிறுநீர் உறைக்குள் கசிந்தால் அங்கே தழும்பு விழுகிறது. தழும்பின் குணம் சுருங்குவது. தீக்காயம் ஆறிய கை, விரல்களை இழுத்து மடக்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தழும்பு ஒரு குழாயைச் சுற்றி வளையமாக விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாரை மெலிகிறது, சில நேரம் இரண்டாகப் பிரிந்து தெறிக்கிறது. முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது. போய் முடித்து எழுந்த பிறகும் சொட்டுகிறது. உள்ளே சிறுநீர்ப்பை பலம் கூட்டித் தள்ளித் தள்ளித் தன் சுவரைத் தடிக்க வைத்துக்கொள்கிறது. வெளியேறாமல் தங்கும் நீரில் கிருமி வளர்கிறது, கல் உண்டாகிறது. முற்றிய நிலையில் சுருக்கத்துக்குப் பின்னால் சீழ் கட்டி, விதைப்பைக்கு அடியில் தோலில் பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே சிறுநீர் கசியும். ஒரு நாள் ஒரு சொட்டும் வராமல் நின்றுவிடும். கருவி இல்லாத காலத்தில் அப்படி நின்றுபோனவர்கள் சில நாட்களில், சொல்ல முடியாத வேதனையோடு இறந்தார்கள்.

நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் நிருத்தப்பிரகாசம் என்றொரு நோய் வருகிறது. முன்தோல் இறுகி நுனியை மூடிக்கொள்ள, சிறுநீர் வலியின்றி மெல்லிய தாரையாக வரும் நிலை அது. இருபுறமும் வாய் திறந்த ஒரு குழலை இரும்பிலோ மரத்திலோ அரக்கிலோ செய்து, நெய் தடவி, மெதுவாக உள்ளே செலுத்தச் சொல்கிறது நூல். மூன்று நாட்களுக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் பருமனான குழல். அதற்கும் இணங்காவிட்டால் கீறிவிட்டு, புதுக் காயத்துக்குச் செய்யும் மருத்துவத்தைச் செய்ய வேண்டும். யுரேத்ரா சுருக்கத்துக்கான உலகின் முதல் சிகிச்சை இது என்று இன்றைய கட்டுரைகள் சில எழுதிவிடுகின்றன. நூல் பேசுவது நுனியைப் பற்றி, உள்வளைவைப் பற்றி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆனால் வழுவழுப்போடு, அவசரப்படாமல், பருமனைச் சிறுகச் சிறுகக் கூட்டி விரிக்கும் முறை அதில் முழுமையாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் உலகம் பெரும்பாலும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ரோமானியர்களிடம் வெண்கலக் குழாய்கள் இருந்தன. ஆண்களுக்கு மூன்று அளவுகளும் பெண்களுக்கு இரண்டு அளவுகளும் மருத்துவனிடம் இருக்க வேண்டும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதி வைத்தார். ஆண்களுக்கானவற்றின் நீளம் 15, 12, 9 விரற்கடை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரைத் தோண்டியபோது, யுரேத்ராவின் இரட்டை வளைவுக்கு ஏற்ப வளைத்த அத்தகைய வெண்கலக் குழாய் கிடைத்தது. உடலின் உள்வளைவைக் கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்திலேயே அறிந்து உலோகத்தை வளைத்த அந்தக் கைவினைஞரின் பெயர் நமக்குத் தெரியாது. கிரேக்க மருத்துவர் ஹெலியோடோரஸ் குழாய்க்குள்ளேயே கத்தியைச் செலுத்தி அடைப்பை அறுத்தார். மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்கக் காய்ந்த பப்பைரஸை உள்ளே செருகி வைத்தார். ஈரம் பட்டால் பப்பைரஸ் ஊதும்; ஊதினால் வழி விரியும்.

ஹெலியோடோரஸும் அவருக்குப் பின் வந்த பலரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபோலத் தவறினார்கள். குழாய்க்குள் ஏதோ ஒரு சதை முளைத்து வழியை மறித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். சதைதான் காரணம் என்றால் செய்ய வேண்டியதும் தெளிவு: அதைத் தேய், கரை, எரி, அறு. இந்த எண்ணம் எத்தனை பேரைத் துன்புறுத்தியது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் படைகளோடு சேர்ந்து பால்வினை நோய்களும் ஊர் ஊராகப் பயணம் செய்தன. வெட்டை நோய் வந்து ஆறியவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து நீரடைப்பு வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். பிரான்சின் புகழ்பெற்ற போர்முனை அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பரே, முனையைச் சொரசொரப்பாக்கிய கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்து அந்தச் 'சதை'யை அராவினார். பிறகு அரிக்கும் மருந்துகளை இட்டார். காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் வழக்கத்திலிருந்து வீரர்களைக் காப்பாற்றிய அதே கருணையுள்ள மனிதர்தான் இதையும் செய்தார். கருணை மட்டும் போதவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ தியாஸ் 1588-இல் மாட்ரிட்டில் ஒரு நூலை அச்சிட்டார். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, குறிக்குள் வளரும் சதை ஆகியவற்றின் நோய்களைப் பற்றி மட்டுமே பேசும் முழு நூல் அது. சிறுநீர் நோய்களுக்கென்றே எழுதப்பட்ட முதல் பெரிய நூலாக அதைக் கருதுகிறார்கள். ஒரு குழலுக்குள் மறைந்து சென்று, அடைப்பை எட்டியதும் வெட்டும் கருவி ஒன்றை அதில் அவர் விவரிக்கிறார். இன்று தமிழ்நாட்டின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் நடக்கும் உள்-அறுவையின் மூதாதை அது. பத்தாண்டுகள் கழித்து, 1598-இல், பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி சிறுநீர் அடைத்துச் சாகும் நிலைக்குப் போனார். லுவாசோ என்ற மருத்துவர் அவருக்குச் சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார். அரண்மனையோ குடிசையோ, இந்த நோய்க்கு அன்று கிடைத்த வைத்தியம் ஒன்றுதான்.

மெழுகு தடவிய துணித் திரி, ஈயக் கம்பி, ஆட்டுக்குடலில் முறுக்கிய நாண் என்று விரிக்கும் பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவற்றில் மெழுகுத் திரிதான் நீடித்தது. உடல் சூட்டில் சற்று இளகி வழியின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும் என்பதால் உலோகத்தைவிட அது கிழிக்காது. வெளியே எடுத்துப் பார்த்தால் சுருக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மெழுகில் பதிந்திருக்கும். கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில் ஒரு திரி மருந்தாகவும் சாட்சியாகவும் இருந்திருக்கிறது.

இப்போது லண்டனுக்கு வருவோம். 1752-ஆம் ஆண்டு. ஜான் ஹண்டருக்கு வயது 24. அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் சடலங்களை அறுத்துப் பழகிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு புகைபோக்கித் துப்புரவுத் தொழிலாளி வந்தார். இந்த நோயோடு ஹண்டரிடம் வந்த முதல் நோயாளி அவர்தான் என்று ஹண்டரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆறு மாதங்கள் மெழுகுத் திரியை விட்டுப் பார்த்தார். ஒரு முன்னேற்றமும் இல்லை. அப்போதுதான் எரிக்கும் மருந்தால் அடைப்பை அழிக்க முடியுமா என்று அவருக்குத் தோன்றியது. முதலில் பாதரசத்தின் சிவப்புப் பொடியைத் திரியின் முனையில் வைத்துப் பார்த்தார். பிறகு வெள்ளிக் குழல் ஒன்றை அடைப்புவரை செலுத்தி, அதனுள் வழியே சில்வர் நைட்ரேட் துண்டைக் கொண்டுபோய் அடைப்பின் மேல் மட்டும் படும்படி வைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஈதர் வருவதற்கு இன்னும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஹண்டர் 1786-இல் வெளியிட்ட பால்வினை நோய்கள் பற்றிய பெருநூலில் அவர் வாழ்கிறார். சுருக்கத்தை மூன்று வகையாகப் பிரித்ததும் அந்த நூல்தான்: நிலைத்துவிட்டது, தசை இறுக்கத்தால் வந்து போவது, இரண்டும் கலந்தது. 'நிலைத்துவிட்டது' என்ற பிரிவில்தான் அவர் உண்மைக்கு மிக அருகில் வந்தார். குழாயின் சுவரே மாறிப்போகிறது என்பதை அவருடைய கண் பார்த்தது. கையோ பழைய எரிப்பு வைத்தியத்தையே செய்தது. எரித்த இடம் ஆறும்போது புதிய தழும்பு விழும், புதிய தழும்பு முன்பைவிட நீளமாகச் சுருக்கும் என்ற கணக்கு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. ஹண்டர் 1793-இல் இறந்ததும் மைத்துனர் எவரார்ட் ஹோம் இந்த முறையைத் தூக்கிப் பிடித்துத் தனி நூலே எழுதினார். ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப எரிப்பதை வழக்கமாக்கினார். ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதியைப் பின்னாளில் நெருப்பில் போட்டவரும் இதே ஹோம்தான். மருத்துவ வரலாறு அவரை மன்னிக்காமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கருவிகளின் நூற்றாண்டு. பாரிஸில் ஜோசஃப் ஷாரியேர் என்ற கருவி வினைஞர், கத்தி செய்யும் பட்டறையில் தொடங்கி, ஐரோப்பிய மருத்துவர்கள் தேடி வரும் கடைக்குச் சொந்தக்காரரானார். அவர் கொடுத்த அளவுமுறை எளிமையானது: ஒரு மில்லிமீட்டர் விட்டத்தை மூன்றாகப் பிரித்தால் ஓர் எண். இன்று நம் ஊர் மருந்துக் கடையில் 16-ஆம் நம்பர் டியூப் என்று கேட்டு வாங்கும்போது, ஐந்தேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான விட்டமுள்ள குழாயை ஷாரியேரின் அளவில்தான் கேட்கிறோம். 1855-இல் மேசோன்னெவ் என்ற பாரிஸ் மருத்துவர் இன்னொரு நல்ல யோசனையைக் கொண்டுவந்தார். நூல் போன்ற மெல்லிய திரியை முதலில் அடைப்புக்குள் நுழைத்துவிடுவது. அதன் வால் முனையில் பள்ளம் வெட்டிய உலோகக் கம்பியைத் திருகி உள்ளே அனுப்புவது. அந்தப் பள்ளத்தில் முனை மழுங்கிய கத்தியை ஓட்டுவது. அகன்ற இடத்தில் கத்தி வழுக்கிப் போகும். குறுகிய இடத்தில் மட்டும் வெட்டும். குருட்டு வேலைக்குள் இவ்வளவு பாதுகாப்பைக் கொண்டுவந்தது சாதாரணச் சாதனை அல்ல.

எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் வேறு வழியில் போனார். சொட்டுச் சிறுநீராவது வெளியே வருகிற சுருக்கம் எதுவானாலும் பொறுமையிருந்தால் கருவி உள்ளே போகும் என்று அவர் விடாப்பிடியாகச் சொன்னார். பள்ளமுள்ள கம்பியை அவ்வாறு உள்ளே செலுத்தி, விதைப்பைக்குப் பின்னால் வெளியிலிருந்து கீறி, கம்பியின் மேல் தழும்பை நீளவாக்கில் திறந்தார். 1840-களில் தொடங்கி, 1849-இல் அதை நூலாகவும் எழுதினார். லண்டன்காரர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். அவரும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அந்தச் சண்டைகளின் விவரம் நமக்கு இப்போது வேண்டாம். சைம் தழும்பைக் கண்ணெதிரே திறந்து வைத்துப் பார்த்தார் என்பதுதான் முக்கியம்.

அடுத்தவர் நமக்கு முன்பே அறிமுகமானவர்; பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சிறுநீர்ப்பைக் கல்லை உடைத்த ஹென்றி தாம்சன். அந்தப் புகழுக்குப் பல ஆண்டுகள் முன்பே, யுரேத்ரா சுருக்கம் பற்றிய கட்டுரைக்காக இங்கிலாந்து அறுவை மருத்துவர்கள் கல்லூரியின் ஜாக்சன் பரிசை 1852-ஆம் ஆண்டுக்குப் பெற்றவர் அவர். அதற்காக அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவ அருங்காட்சியகங்களுக்குப் போய், கண்ணாடிக் குடுவைகளில் ஊறிக்கொண்டிருந்த யுரேத்ராக்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார். முன்னூறுக்கும் மேற்பட்ட சுருக்கங்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, விதைப்பைக்குப் பின்னால் குழாய் வளையும் இடத்திலேயே இருந்தன. குழாய்க்குள் தனியாக முளைத்த சதை என்பது மிக அபூர்வம். இருந்ததெல்லாம் சுவர், இறுகிப்போன, தழும்பேறிய சுவர். தர்க்கம் செய்துகொண்டிருந்த இடத்தில் ஒருவர் போய் எண்ணிப் பார்த்தார். சதைக் கதை முடிவுக்கு வந்தது.

பிறகு கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன. 1879-இல் ஆல்பர்ட் நைசர் வெட்டை நோயின் கிருமியைக் கண்டார். 1910-ஐ ஒட்டி பாஸ்டனில் கன்னிங்காம், எக்ஸ்-கதிரில் தெரியும் திரவத்தைக் குழாயின் நுனி வழியே செலுத்திப் படம் எடுத்தார். இன்று ஆர்ஜியு என்று நம் மருத்துவர்கள் எழுதித் தருவது அந்தப் பரிசோதனைதான். 1940-களில் பெனிசிலின் வந்தது. வெட்டை நோய் ஊசியில் அடங்கியது. யுரேத்ரா சுருக்கமும் அதோடு ஒழியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள்.

ஒழியவில்லை. காரணங்கள்தான் இடம் மாறின. இரும்புக் கம்பியின் மேலோ மரச் சட்டத்தின் மேலோ கால் விரிந்து விழுந்து, வளைவு எலும்பில் நசுங்கியவர்கள்; வாகன விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்து, குழாய் சுருக்குத் தசைக்கு அருகில் அறுந்துபோனவர்கள்; புராஸ்டேட்டை உள்வழியே சுரண்டி எடுத்த பின் தழும்பு விழுந்தவர்கள். குறியின் தோலை வெளுத்து இறுகச் செய்யும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய் வழிக்குள்ளும் இறங்கிச் சென்று நீளமாகச் சுருக்கியது. குறியைத் தாக்கும் இந்தத் தோல் நோயை 1928-இல் ஸ்டூமர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் விவரித்திருந்தார். சிகிச்சைக்காகப் போட்ட டியூபே காரணமானதும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஹெல்சிங்கியில், இதய அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கு அடுத்தடுத்துச் சுருக்கம் வந்தது. கிருமி எதுவும் இல்லை. தேடியபோது, அவர்களுக்குப் போட்ட லேடெக்ஸ் டியூபிலிருந்து கசிந்த நச்சுப் பொருளும், அறுவையின்போது உறைக்கு இரத்தம் குறைந்ததும் சேர்ந்து உள்தோலைக் கெடுத்தது தெரிந்தது. இந்த நோய் வந்தவரைத் தவறான நடத்தையுள்ளவர் என்று பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தப் பார்வையால் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் சிறுநீரகத்தை இழந்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

1974-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் சாக்சே, உள்நோக்குக் கருவியின் முனையில் கூரிய சிறு கத்தியைப் பொருத்தி, கண்ணால் பார்த்தபடியே தழும்பைக் கீறும் முறையை வெளியிட்டார். தியாஸ் 1588-இல் கண்ட கனவு வெளிச்சத்தோடு நிறைவேறியது. சில நிமிட வேலை, வெளியே தையல் இல்லை, ஓரிரு நாளில் வீடு. உலகம் முழுவதும் இதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. மூடிக்கொண்டால்? மறுபடி கீறினார்கள். மறுபடி மூடினால் மறுபடி. இப்படி ஆண்டுக்கு ஒருமுறை 'உள்ளே கீறிவிட்டு' வருவதையே வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தைக் கணக்கு வைத்துச் சோதித்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க் மருத்துவமனை மருத்துவர்கள் ஸ்டீன்காம்ப்பும் ஹெய்ன்ஸும். 210 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பழைய விரிப்பு முறை, மறுபகுதியினருக்குக் கீறல். 1997-இல் முடிவு வந்தது: இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுருக்கம் 2 செ.மீ.க்கும் குறைவாக இருந்தவர்களில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேருக்குத் திரும்பி வந்தது, 4 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தவர்களில் 80 பேருக்கு. அடுத்த ஆண்டு வந்த கட்டுரை இன்னும் அப்பட்டமானது. முதல் முறை பயன் தரலாம். சில மாதங்களிலேயே மூடிக்கொண்டு வந்தவர்களுக்கு இரண்டாம் முறை கொஞ்ச காலத்துக்குத்தான் உதவும். மூன்றாம் முறையால் ஒரு பயனும் இல்லை. இந்த நோயின் வரலாற்றில் இதைவிட நேர்மையான ஆய்வு எனக்குத் தெரியவில்லை. இரண்டாயிரம் ஆண்டு வழக்கத்தை அது எண்களால் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது.

அப்படியானால் வழி என்ன? தழும்பை விரிப்பதல்ல, தழும்பையே வெளியேற்றுவது. அல்லது நல்ல தோலைக் கொண்டுவந்து வழியை அகலமாக்குவது. இந்த எண்ணம் புதியதல்ல. மெல்போர்னில் ஹாமில்டன் ரஸல் என்பவர் 1914-ஐ ஒட்டியே தழும்பை வெட்டியெறிந்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துக் காட்டியிருந்தார். வளைவில் உள்ள குட்டையான சுருக்கத்துக்கு அந்த முறை இன்றும் சிறந்தது. தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் நிலைக்கிறது. நீளமான சுருக்கத்தை அப்படி வெட்டிச் சேர்க்க முடியாது, குறி வளைந்துபோகும்.

ஸ்வீடனின் பெங்ட் யோஹான்சன் 1953-இல் இரண்டு கட்டமாகச் செய்தார். முதலில் சுருங்கிய பகுதியை நீளமாகத் திறந்து ஓரங்களைச் சுற்றுத் தோலோடு தைத்துவிடுவது. மாதங்கள் கழித்து, ஆறிய தோலைக் குழலாக மடித்து மூடுவது. இடைப்பட்ட காலத்தில் நோயாளி உட்கார்ந்துதான் சிறுநீர் கழிப்பார். பொறுமையாகச் செய்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. விதைப்பைத் தோலைப் பயன்படுத்தியவர்களுக்கு வேறு தொல்லை வந்தது: உள்ளே முடி வளர்ந்தது, முடியைச் சுற்றிக் கல் படிந்தது. கானா நாட்டின் குவார்ட்டி 1983-இல் முடி இல்லாத குறித்தோலை அதன் இரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பிப் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆனால் லைக்கன் நோய் உள்ளவர்களுக்குக் குறித்தோலே நோயுற்ற தோல். அதை உள்ளே வைத்தால் நோயையும் சேர்த்து வைப்பதாகும்.

விடை வாய்க்குள் இருந்தது. உக்ரைனில் பணியாற்றிய சபேஷ்கோ, வாயின் உள்தோலை எடுத்து யுரேத்ராவில் ஒட்டிய நோயாளிகளைப் பற்றி 1894-லேயே எழுதியிருந்தார். பிறவிக் குறை ஒன்றைச் சரிசெய்ய 1941-இல் இங்கிலாந்தின் ஹம்பி அதை மறுபடி செய்தார். இரண்டு முறையும் மருத்துவ உலகம் கவனிக்காமல் கடந்துபோனது. 1990-களில்தான் அது உலகுக்கு வந்தது. 1993-இல் எகிப்தின் எல்-கஸாபி, பெரியவர்களின் சுருக்கத்தில் கன்னத்தின் உள்தோல் ஒட்டுவதைக் காட்டினார். பொருத்தம் வியக்க வைக்கிறது. அந்தத் தோல் எப்போதும் ஈரத்தில் வாழப் பழகியது. முடி முளைக்காது. மேலடுக்கு தடிமன், கீழடுக்கு மெல்லியது. அதில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒட்டிய முதல் இரண்டு நாட்கள் அது அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சி உயிர் தரிக்கிறது; அடுத்த இரண்டு நாட்களில் அடித்திசுவின் இரத்தக்குழாய்கள் அதன் குழாய்களோடு இணைந்துவிடுகின்றன. கன்னத்தில் எடுத்த இடம் சில வாரங்களில் ஆறிவிடும்.

ஒட்டும் தோலை எங்கே வைப்பது? இத்தாலியின் பார்பாக்லி 1996-இல், குழாயின் கீழ்ப்புறம் வேண்டாம், முதுகுப்புறத்தில் வைத்து உறுதியான திசுவின் மேல் விரித்துத் தையுங்கள், தொய்வடையாது என்றார். ஆக்ராவின் ஹரி அசோபா 2001-இல் குழாயைச் சுற்றிலும் பிரிக்காமல், கீழிருந்து திறந்து முதுகுப்புறத்தை உள்ளிருந்தே கீறி ஒட்டு வைக்கும் வழியைத் தந்தார். புனேயின் சஞ்சய் குல்கர்னி 2009-இல் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, மறுபக்கத்து இரத்த ஓட்டத்தைக் காப்பாற்றும் முறையை வெளியிட்டார். இந்த இரண்டு இந்தியர்களின் பெயர்களும் இன்று உலகெங்கும் இத்துறைப் பாடநூல்களில் இருக்கின்றன. இந்தியாவுக்கே உரிய ஒரு தடையும் உண்டு: புகையிலையும் குட்காவும் மென்று மென்று கன்னத்தின் உள்தோலை நாராக்கிக்கொண்டவர்களிடம் எடுப்பதற்கு நல்ல தோல் மிஞ்சுவதில்லை.

கீறலுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 222 ஆண்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஒப்பீட்டில், கீறலிலும் திறந்து சீரமைக்கும் அறுவையிலும் தொல்லைகள் குறைந்தன. ஆனால் சீரமைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறு சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தழும்பு வளர்வதைத் தடுக்கும் மருந்து பூசிய பலூனுக்கு அமெரிக்கா 2021 டிசம்பரில் அனுமதி அளித்தது. முதல் முறை வந்த குட்டையான சுருக்கத்துக்கு எளிய வழியை முயல்வதில் தவறில்லை. மூடிக்கொண்ட பிறகும் அதையே செய்துகொண்டிருப்பதுதான் தவறு.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தாரை மெலிந்திருந்தால், முக்கிப் போக வேண்டியிருந்தால், கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள். வயதானவர் என்றால் புராஸ்டேட்டாகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்து மாத்திரை வாங்காதீர்கள். இளைஞர் என்றால் சூடு என்று இளநீரோடு விட்டுவிடாதீர்கள். யூரோஃப்ளோ என்ற சாதாரணப் பரிசோதனையில் நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் வருகிறது என்பது தெரிந்துவிடும். பத்துக்குக் குறைந்து, வரைபடம் மேலெழாமல் தட்டையாக நீண்டால் ஆர்ஜியு படம் எடுக்கச் சொல்வார்கள். சுருக்கம் எங்கே, எத்தனை செ.மீ. என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கீறி, மறுபடியும் மூடியிருந்தால், அடுத்த கீறலுக்கு ஒப்புக்கொள்ளும் முன் யுரேத்ரோபிளாஸ்டி என்ற சீரமைப்பு அறுவையைச் செய்து பழக்கமுள்ள யூராலஜி மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேளுங்கள். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜித் துறை இருக்கிறது; அங்கே போய்க் கேட்கலாம்.